ஜேர்மன் காக்காவின் இன்னொரு குரல்

உயிரோடிருக்கிற ஒரு மனிதனைக் கண்டு மருதமுனை முழுவதும் பயந்தது என்றால், அது ஐம்பதுகளில் எங்கள் தறிக்கொட்டிலில் நெய்த ஜேர்மன் காக்காவைக் கண்டுதான். காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்.

இரண்டாம் உலக யுத்தத்தில் அவர் வேலை செய்த கப்பல் பிடிபட்டு, ஜேர்மனியில் ஒரு மலைப் பண்ணையில் கைதியாக மாடு பார்த்திருக்கிறார். அங்கே அவரோடு கதைத்த ஒரே ஆள் பண்ணைக்காரக் கிழவர். பாஷை வந்தது, கிழவரும் கூடவே வந்துவிட்டார். பட்டப்பகலில் நெய்துகொண்டிருக்கும்போதே காக்காவின் தோள் குறுகும். இருமிவிட்டு, தறியோடு அந்தப் பாஷையில் கதைப்பார். குரலுக்கு எண்பது வயதிருக்கும். 'ஓம்' என்று ஆமோதிப்பதற்கு மூச்சை உள்ளே இழுத்து 'யோ' என்பார். அடுத்த தறியில் இருந்த எனக்கு மயிர் சிலிர்க்கும்.

"இந்த மனிசனுக்குள்ள வேற ஆளொண்டு இரிக்கி" என்று கொட்டில்காரர் பள்ளிவாசலில் ஓதும் லெப்பையைக் கூட்டிவந்தார். லெப்பை அரை மணி நேரம் ஓதினார். காக்கா மரியாதையாகக் கேட்டிருந்துவிட்டு ஒரு 'யோ' இழுத்தார். லெப்பை செருப்பை விட்டுவிட்டே போய்விட்டார்.

ஒருநாள் நாங்கள் நெய்யும் கைத்தறிச் சாரம் வாங்க ஒரு ஜேர்மன் தம்பதி வந்தார்கள். காக்கா ஓடிப்போய்க் கதைத்தார். வடக்குக் கடற்கரையைச் சேர்ந்த கணவர் விழித்தார். இது ஜேர்மன் மொழியே இல்லை என்று என்னிடம் இங்கிலீசில் சொன்னார். கொட்டிலே சிரித்தது. காக்கா முகம் வெளிறித் தறிக்குத் திரும்பி, அதனிடமே ஏதோ முணுமுணுத்தார்.

மனைவியின் கையிலிருந்த சாரம் நழுவியது.

அது அலமானிக், ஜேர்மன் மொழியின் ஒரு வட்டார வழக்கு என்றாள். ஜேர்மனியின் தென்மேற்கு மூலை, சுவிஸ், பிரான்சின் அல்சாஸ், ஒஸ்திரியாவின் மேற்கு ஓரம் எங்கும் அதைப் பேசுகிறார்களாம், வடக்கத்தியாருக்கு விளங்காதாம். பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு வேறாம். காக்கா பேசியது அவள் பிறந்த பள்ளத்தாக்கின் பேச்சு. அந்த இருமலும் அந்த 'யோ'வும் அவளுடைய பக்கத்துப் பண்ணைக் கிழவருடையவை. யுத்தம் முடிந்த குளிர்காலத்தில் அவரை அடக்கம் செய்தபோது அவள் அங்கே நின்றிருக்கிறாள்.

இன்னும் கொஞ்சம் பேசச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். காக்கா பேசினார். எங்கள் கொட்டிலுக்குள் நின்று ஒரு செத்த மனிதர் கதைப்பதை எல்லோரும் கேட்டோம். ஒரு தறியும் ஓடவில்லை.

அவர்கள் போனபின் காக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"கிழவன் மௌத்தாப் பெய்த்தாராம் தம்பி. அவருக்கு நான் துஆக் கேக்கலாமா?"

கிழவர் வேறு மார்க்கத்தவர்; லெப்பையிடம் கேட்க வேண்டிய கேள்வி.

"கேளுங்க காக்கா" என்றேன்.

கையேந்தி, அந்தப் பாஷையிலேயே கேட்டார். கிழவர் தனக்காகத் தானே கேட்பது போலிருந்தது. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. பக்கத்தில் இருந்து ஆமீன் சொன்னேன்.