புது யன்னலும் மொட்டைக் கறிவேப்பிலையும்

எசன்,
ஜேர்மனி,
28.11.2007

அன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மச்சான் சோதிலிங்கம் அவர்களுக்கு சிறீதரன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இவ்விடம் நான் சுகம். புதுக் கதவு சுகம். புது யன்னல்கள் எல்லாம் மிக்க சுகம். உங்கள் தங்கை யோகம் சுகமா என்பதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அவள் என்னோடு பேசுவதில்லை. அங்கே நீங்களும் மச்சாளும் ஸ்டுட்கார்ட் குளிரில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க எல்லாம் வல்லவனை வேண்டுகிறேன்.

ரெலிபோனில் சொல்லக்கூடியதை இவன் ஏன் கடிதமாக எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். எங்கள் ரெலிபோன் குசினி வாசலில் இருக்கிறது, குசினிக்குள் யோகம் இருக்கிறாள். வெளியிலிருந்து எடுக்கலாம் என்றால் உங்கள் வீட்டில் மச்சாள்தான் எடுப்பார், நான் வைத்த அடுத்த நிமிடம் அவர் யோகத்துக்கு எடுப்பார். ஆகவேதான் கடிதம். உங்கள் தங்கை கோபித்துக்கொண்டு பெட்டியோடு உங்கள் வாசலில் வந்து இறங்குமுன் என் பக்க நியாயம் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஒரு சின்ன உதவியும் கேட்கப்போகிறேன், அதற்கு முதலில் நடந்ததை நீங்கள் அறிய வேண்டும்.

மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் மச்சான். நீங்கள் தந்த கறிவேப்பிலை மொட்டையாகிவிட்டது.

நாங்கள் இந்த வீட்டை வாங்கிக் குடிவந்தபோது உங்கள் மரத்தின் பக்கக்கன்றைத் தயிர்க் கோப்பையில் வைத்துக் கொண்டுவந்து தந்தீர்களே, அதுதான். குசினி யன்னலோரம், ஹீற்றருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய சாடியில் நின்று கூரையைத் தொட்டுவிட்டது. எசனில் எந்தக் கலியாணம், எந்தப் பிறந்தநாள், எந்த அன்னதானம் என்றாலும் இலை எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். போன மாதம்கூட இராஜேஸ்வரி அக்கா மகனின் கலியாணத்துக்கு ஒரு பெரிய பையோடு வந்தார். யோகம் வேறொருவரைத் தொட விடமாட்டாள். தானே பார்த்துப் பார்த்து ஒவ்வொரு நெட்டாக ஒடித்துக் கொடுப்பாள், வாங்குகிறவர்களும் கோயிலில் விபூதி வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்குவார்கள். அப்படி இருந்த மரத்தில் இன்றைக்கு ஒரு இலை இல்லை, வெறும் தடி நிற்கிறது.

இதற்கெல்லாம் தொடக்கம் யன்னல்தான். எங்கள் பழைய யன்னல்களை நீங்கள் அறிவீர்கள், போன மார்கழி நத்தார் விடுமுறைக்கு வந்தபோது படுக்கையில் தொப்பி போட்டுக்கொண்டு படுத்தவர் நீங்கள். மர நிலை சுருங்கி இடைவெளி விட்டு, அதற்குள் பழைய பேப்பரை மடித்துச் செருகி, அந்தப் பேப்பரையும் காற்று பிடுங்கிக்கொண்டு போயிற்று. ஒரு நாள் யோகம் சாமான் கழுவிக்கொண்டு நின்றவள் திரும்பி, “யன்னல் பூட்டியிருக்கேக்கையே திரைச்சீலை ஆடுது. இது வீடோ, ஊஞ்சலோ? இந்த மாரிக்கு முன்னம் மாத்தாட்டி நான் அண்ணை வீட்டை போறன்” என்றாள். உங்கள் வீடு இந்தக் குடும்பத்தில் எவ்வளவு உபயோகமாக இருக்கிறது என்பதை நீங்கள் உணர வேண்டும்.

சரியென்று கடைக்குப் போனோம். அங்கே ஒரு பெரிய மண்டபம் நிறையக் கதவுகளும் யன்னல்களும் நிற்கின்றன, ஒன்றுக்குப் பின்னாலும் வீடு இல்லை. விற்பனைக்காரப் பெடியன் ஒரு யன்னலைக் காட்டினான். பிடியைப் பக்கவாட்டில் திருப்பினால் கதவுபோல உள்ளே திறக்கிறது. மேலே திருப்பினால் தலைப்பக்கம் மட்டும் உள்ளே சரிந்து, கொஞ்சம் காற்று விட்டுக்கொண்டு நிற்கிறது. ஜேர்மன்காரர் வீடுகளில் இதை எத்தனையோ தடவை பார்த்திருந்தும் யோகம் கையால் தொட்டதில்லை. திருப்பினாள், சரித்தாள், பூட்டினாள், மறுபடி திருப்பினாள். பெடியன் கடைசியில் ஒரு கதிரை கொண்டுவந்து போட்டான். யன்னல் விஷயம் அந்த இடத்திலேயே தீர்ந்துவிட்டது. கதவுதான் தீரவில்லை. யோகத்துக்கு இரட்டைக் கதவு வேண்டும். அளவைப் பார்த்துவிட்டுப் பெடியன், உங்கள் வாசலுக்கு இரட்டைக் கதவு வைப்பதென்றால் பக்கத்து வீட்டுக்காரியின் சுவரை இடிக்க வேண்டும் என்றான். “ஃபிரவ் பிரிங்க்மான் நல்ல மனிசிதானே, கேட்டுப் பாப்பம்” என்றாள் உங்கள் தங்கை. நான் பெரும்பாடுபட்டு அவளை ஒற்றைக் கதவுக்குச் சம்மதிக்க வைத்தேன். நிறம் அவள் சொன்ன கரும்பச்சை. கதவு வைக்கும் நேரம் மட்டும் என் பொறுப்பு என்று நானே வாய்விட்டுச் சொன்னேன். அங்கேதான் சனியன் என்னைப் பிடித்தது.

கடைக்காரர் நாள் குறித்துத் தந்த டெர்மின் திங்கட்கிழமை காலை ஏழு மணி. இந்த நாட்டில் வேலைக்காரர் ஒரு நாள் குறித்தால் அதை மாற்றுவதைவிட நம் வீட்டுக் கலியாணத்தை மாற்றிவிடலாம். ஆனால் வாசல் நிலை அல்லவா, நேரம் பார்க்காமல் எப்படி வைப்பது? கோயில் ஐயருக்கு எடுத்தேன். அவர் பஞ்சாங்கத்தை எடுத்து, “தம்பி, யாழ்ப்பாணத்துச் சூரியனுக்குப் பாத்தால் பிழைக்கும். இஞ்சத்தைச் சூரியன் இப்ப எட்டு மணி மட்டும் நித்திரை. பதினொண்டரைக்குப் பிறகு வையுங்கோ” என்றார். நானும் கணக்குப் போட்டேன். ஏழு மணிக்கு வருகிறவர்கள் முதலில் யன்னல்களைச் செய்வார்கள், மத்தியானம் கதவுக்கு வருவார்கள், நேரம் தானாகப் பொருந்திவிடும். இதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை மச்சான்.

திங்கட்கிழமை காலை நான் முழுகி, வேட்டி கட்டி, விபூதி பூசிக்கொண்டு கீழே இறங்குகிறேன், எங்கள் விறாந்தையில் நின்றபடியே தெருவில் போகும் குப்பை லொறி தெரிகிறது. லொறிக்காரன் கைகாட்டிவிட்டுப் போகிறான். வேலைக்காரர் ஏற்கெனவே கதவையும் நிலையையும் கழற்றி வெளியே சாத்திவிட்டார்கள். திரும்பிப் பார்த்தால் குசினி யன்னலும் இல்லை, தோட்டம் தெரிகிறது. “நிப்பாட்டுங்கோ!” என்று தமிழிலேயே கத்திவிட்டேன். ஹெர் குரூகர் என்று தலைமை வேலைக்காரர், வாசல் நிலையின் உயரமே இருக்கிற ஆள், என்னை மேலும் கீழும் பார்த்தார். பதினொன்றரைக்கு முன் கதவு வைக்கக் கூடாது என்று ஜேர்மனில் விளக்கினேன். நகரசபை உத்தரவா என்று கேட்டார். இல்லை, சமய விஷயம் என்றேன். கத்தோலிக்கமா என்றார். விளக்கத் தொடங்கினால் பதினொன்றரை ஆகிவிடும் என்று, ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உடனே தொப்பியைக் கழற்றிவிட்டார். அப்படியென்றால் முதலில் யன்னல்களை வைப்போம் என்றார். நல்ல மனிதர். ஆனால் யன்னல்கள் இரண்டாவது வான் வண்டியில் வருகின்றன, அந்த வண்டி ஏ நாற்பது நெடுஞ்சாலை நெரிசலில் நிற்கிறது. அந்தப் பாதையில் எந்தக் காலையில் நெரிசல் இல்லாமல் இருந்தது?

ஆக முன்பக்கம் கதவில்லை, பின்பக்கம் யன்னலில்லை. தெருக் காற்று மிதியடியில் கால் துடைக்காமல் உள்ளே வந்து தோட்டத்தால் வெளியே போகிறது. நடுவில் கறிவேப்பிலை நின்று நடுங்குகிறது. “ஐயோ, என்ரை பிள்ளைக்குக் குளிருதப்பா!” என்று யோகம் தன் சால்வையை எடுத்து அதற்குச் சுற்றினாள். மேல்மாடிக்குக் கொண்டுபோகலாம் என்றால் படி திரும்பும் இடத்தில் கிளை முட்டுகிறது. நிலக்கீழ் அறைக்கு அதைவிட ஒடுக்கமான படி. “காரிலை ஹீற்றர் இருக்குத்தானே, ஏத்துங்கோ!” என்றாள். குரூகரும் அவருடைய கூட்டாளியும் தூக்க, சாடியை முன் இருக்கையில் வைத்து, பெல்ற் போட்டு, கொப்புகளை மெல்ல மடக்கிப் பார்த்தோம். உச்சி அடங்கவில்லை. கூரைக் கண்ணாடியைத் திறந்து உச்சியை வெளியே விட்டோம். நான் எஞ்சினைப் போட்டு ஹீற்றரை முழுதாகத் திருப்பிவிட்டு, கத்தோலிக்க வேட்டியோடு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஐந்து நிமிடம் ஆகவில்லை, ஃபிரவ் பிரிங்க்மான் வந்து கண்ணாடியில் தட்டுகிறார். நின்ற இடத்தில் எஞ்சினை ஓட விடுவது இந்த நாட்டில் குற்றமாம், காற்று கெடுகிறதாம். ஓடிக்கொண்டு போனால் கெடாதா என்று கேட்டேன். ஓடினால் அது போக்குவரத்து என்றார். ஆகவே ஓடினேன். எசன் முழுவதும் ஓடினேன். ரூட்டன்ஷைட் கடைத்தெரு, பால்டனை ஏரிக்கரை, திரும்பவும் கடைத்தெரு. சிவப்பு விளக்கில் நின்றால் பக்கத்துக் காரில் இருக்கிறவர்கள் என்னை விட்டுவிட்டு மரத்துக்குக் கைகாட்டுகிறார்கள். ஏரிக்கரையில் பொலிஸ் மறித்தது. பொலிஸ்காரர் கூரையால் எட்டிப் பார்க்கும் உச்சியைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார், இது என்ன செடி என்று ஒரு மாதிரிக் கேட்டார். கஞ்சா என்று நினைத்துவிட்டார் போலும். ஒரு இலையைக் கசக்கி மூக்கருகே பிடித்தேன். மணந்து பார்த்தார், முகம் மலர்ந்தது. இதைக் கோழிக் கறிக்குப் போடலாமா என்று கேட்டு, இரண்டு நெட்டு வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார். யோகம் அறிந்தால் அந்த இரண்டு நெட்டுக்கும் தனி விசாரணை நடக்கும், சொல்லிவிடாதீர்கள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது நான் குறித்த நல்ல நேரம் என்னை விட்டுவிட்டே நடந்து முடிந்திருந்தது. பதினொன்றரை தாண்டியதும் யோகம் நிலைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, அடியில் ஒரு நாணயம் போட்டு, கற்பூரம் கொளுத்தியிருக்கிறாள். குரூகர் நெஞ்சில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு கதவை ஏற்றியிருக்கிறார். இரண்டு சமயமும் சேர்ந்து காவல் நிற்கும் கதவு எசனில் வேறெங்கும் இருக்காது. பின்னேரம் யன்னல்களும் வந்து பூட்டியாயிற்று. குரூகர் வடையைக் கடித்தபடி, “இந்த யன்னல் காத்தே விடாது, நாள்தோறும் கொஞ்ச நேரம் திறந்து காத்து மாத்துங்கோ, இல்லாட்டி சுவர் பூஞ்சணம் பிடிக்கும்” என்று யோகத்துக்குப் பாடம் நடத்திவிட்டுப் போனார். மரம் தன் இடத்துக்கு வந்தது. அன்றைக்கு இந்த வீட்டில் எல்லாரும் சந்தோஷமாக இருந்தோம்.

சில நாளில் இலை மஞ்சளாயிற்று. பிறகு உதிரத் தொடங்கி, ஒரு கிழமைக்குள் முழுக்கக் கொட்டிவிட்டது. கூரையால் வெளியே நீட்டிக்கொண்டு நின்ற உச்சிக்குக் குளிர் அடித்து, அது வேர் வரை இறங்கிவிட்டது என்பது என் முடிவு. நான் மெதுவாக ஓடியிருக்கலாம். ஏரிக்கரைக்குப் போகாமல் விட்டிருக்கலாம். முதல் காரியமாக, நேரம் பார்க்காமல் விட்டிருக்கலாம். யோகம் ஒரு சொல் திட்டவில்லை மச்சான், அதுதான் பயமாக இருக்கிறது. மரத்தைச் சீலையால் மூடிக் கட்டிவிட்டு, “ஆரும் கிட்டப் போகவேண்டாம்” என்றாள். அதுதான் எனக்குச் சொன்ன கடைசி வார்த்தை. நான் அறைக்குள் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் புது யன்னலைப் பார்த்து, “பருப்புக்கு உப்புக் காணாது” என்கிறாள். ஆம், சமையல் இப்போது நான்தான். பேக்கரியில் விடிய விடிய ரொட்டி போட்டுவிட்டு வந்து, புட்டுக்கு மாக் குழைக்கிறேன். முதல் நாள் அவித்த புட்டால் இன்னொரு யன்னல் கட்டியிருக்கலாம்.

இனி என் வேண்டுகோள். உங்கள் மரத்தில் பக்கக்கன்று ஒன்று இருந்தால், வேரோடு ஈரத்துணியில் சுற்றி, பேக்கரி விலாசத்துக்கு அனுப்பிவையுங்கள். வீட்டுக்கு வேண்டாம். யோகம் கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்து மொட்டை மரத்தின் காலடியில் நட்டுவிடுவேன். பட்ட மரத்தின் வேரில் புதிதாக முளைத்தது என்று நினைத்துக்கொள்வாள். ஏமாற்றுத்தான், தெரிகிறது. ஆனால் அந்தச் சீலைக்கு முன்னால் அவள் போய் நிற்பதைப் பார்க்க எனக்கு ஏலாமல் இருக்கிறது. அவள் சிரித்தால் போதும்.

மச்சாளுக்கு என் அன்பு. உங்கள் இருவரையும் நோய் நொடி அண்டாமல், உங்கள் மரத்தைக் குளிர் அண்டாமல் கடவுள் காக்க. உங்கள் வீட்டு யன்னல்கள் எவ்வளவு காற்று விட்டாலும் அவற்றை மாற்றவேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து.

இங்ஙனம்,
உங்கள் அன்பு மைத்துனன்,
சிறீதரன்

பி.கு.: அண்ணை, இது யோகம் எழுதுறன். இவர் முத்திரை வாங்கப் போயிட்டார், கடிதத்தை மேசையிலை விரிச்சபடி விட்டிட்டு. நான் வாசிச்சிட்டன். கன்று ஒண்டும் அனுப்பாதேங்கோ. மரத்துக்குக் குளிர் அடிச்சது காரிலை இல்லை. அண்டைக்கு இவர் காராலை இறங்கி வந்ததை இவர் எழுதேல்லை. தன்ரை கோட்டைக் கழட்டி உச்சிக்குப் போத்திப்போட்டு, வேட்டியோடை வெறும் மேலோடை உதடு நீலம் பூத்து வந்து நிண்டவர். ஒரு இலை வாடேல்லை. நான்தான் அண்டு படுக்கப் போகேக்கை, காத்து மாறட்டும் எண்டு மரத்துக்கு நேரே யன்னலைச் சரிச்சு விட்டிட்டு மறந்துபோய்ப் படுத்திட்டன். பேக்கரிக்கு லீவு போட்டுட்டுப் படுத்திருந்த இவர் எழும்ப முன்னம் ஓடிப்போய்ப் பூட்டினன். இவ்வளவு பாடுபட்ட மனிசனிட்டை நான்தான் கெடுத்தனான் எண்டு எந்த வாயாலை சொல்லுறது? முகத்தைப் பாக்க வெக்கமாக் கிடந்துது, அதுதான் கதைக்காமல் திரிஞ்சன். அவர் அதைக் கோபம் எண்டு நினைச்சுச் சமைக்கத் தொடங்கிட்டார். முதல் இரண்டு நாளும் சொல்லுவம் எண்டுதான் இருந்தனான். பிறகு புட்டு நல்லா வரத் தொடங்கிட்டுது. முந்தநாள் சீலையை விலத்திப் பாத்தன், நாலைஞ்சு இடத்திலை துளிர் விட்டிருக்கு. சந்தோஷத்திலை அழுதிட்டன். இதை நானே உறையிலை போட்டு ஒட்டி வைக்கிறன், தான்தான் ஒட்டினது எண்டு நினைச்சுக்கொள்ளுவார். நீங்கள் ஒண்டும் தெரிஞ்சமாதிரிக் காட்டிக்கொள்ளாதேங்கோ. எல்லாத்தையும் அவருக்குச் சொல்லத்தான் போறன். வெள்ளிக்கிழமை தானே இடியப்பம் பிழியிறதெண்டு யன்னலுக்குச் சொல்லியிருக்கிறார், அது முடியட்டும்.