மாயாவின் காதுகுத்துக்கு எட்டுக்கால் சீர்

டோல்கேட்,
வெள்ளிக்கிழமை மத்தியானம்.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை பகலவன் அவர்களுக்கு, மச்சான் பொன்னுரங்கம் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் சம்சாரம் கன்னியம்மாவும் மரப்பெட்டிக் குடோனும் நலம். அங்கு தாங்களும் என் தங்கை குணசுந்தரியும் குழந்தை மாயாவும் கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் புகையையும் மீறி நலமாக இருக்க வேண்டும். போன் செய்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். ஆகவே டிரைவர் டில்லிபாபு கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவனைத் திட்டாமல் வாங்கிப் படிக்கவும்.

மாயாவுக்குப் பத்து வயசாகியும் காது மூளியா இருக்குன்னா அதுக்கு நான் பொறுப்பில்லை. போன தடவை என் மடியில உட்கார வெச்சப்ப ஆசாரி கையைக் கடிச்சது நீங்க பெத்த பொண்ணு. இந்தத் தடவை, "டிவில காட்டுறாங்களே, முடி முடியா பெரிய எட்டுக்கால் பூச்சி, அது சீர் தட்டுல வந்தாத்தான் மாமா மடியில குந்துவேன்"னு அவ சொன்னா, நான் தலையாட்டிட்டேன். தாய்மாமன் வேற இன்னா செய்வான்? சபையில மடி காலியா இருந்தா ஊர் என்னைப் பார்த்துதான் சிரிக்கும். நீங்களோ, பூச்சி உள்ளே வந்தா நான் வெளியேன்னு குதிச்சீங்க. காதுகுத்தே மூடநம்பிக்கைன்னு மேடையில கிழிச்சதும் நீங்கதான், தங்கச்சி முறைச்ச உடனே பத்திரிகை அடிச்சதும் நீங்கதான். சாமிக்கே பயப்படாத மனுஷன், பூச்சி பேரைக் கேட்டதும் கட்டில் மேல ஏறி நின்னீங்கன்னு குணசுந்தரி சொன்னா. நான் நம்பலை. கொஞ்சம்தான் நம்பினேன்.

நானும் கண்ணை மூடிக்கினு வாங்கலை. ராயபுரத்துல மீன் தொட்டி விக்கிறானே லியோனார்ட், முன்ன கப்பல்ல வேலை பார்த்தவன், அவன்கிட்ட போனேன். எடுத்த எடுப்புல நீலக் கால் மின்ன ஒண்ணை நீட்டினான். பளபளன்னு முன்னாடி வெக்கிறது விக்காத சரக்குன்னு தெரியாமலா நான் பெட்டி வித்து வூடு கட்டினேன்? "இது இன்னா பண்ணும்?"னேன். "மரம் ஏறும் நைனா. மூடியைத் தொறந்தா உன் தோள்ல நிக்கும். கடிச்சா ஆஸ்பத்திரி." "அடுத்ததைக் காட்டு." "மொத பூச்சியா? அப்போ தரையில குந்தினு கீறதை வாங்கு. இத்தைப் பாரு, சிலி நாட்டுது. கோவம் வராது. வாரத்துக்கு ஒரு கரப்பான் போதும்." "ஆணா பொண்ணா?" "பொண்ணு. ஆம்பளைன்னா வயசுக்கு வந்ததும் ஜோடி தேடியே செத்துப் பூடுவான். பொண்ணு இருபது வருசம் கெட்டியா நிக்கும்." "கையில எடுத்துக் கொஞ்சலாமா?" "கொஞ்சு. பின்பக்க முடியை உதறும், வாரம் பூரா சொரிஞ்சிக்கினு கெட."

யோசிச்சுப் பார்த்தேன். மூலையில அசையாம இருக்கும், கொஞ்சமா தின்னும், பார்க்கத்தான் பயங்கரம், ஒருத்தரையும் ஒண்ணும் பண்ணாது. தங்கச்சிக்கு வரன் தேடினப்பவும் இதே குணங்களைப் பார்த்துத்தான் உங்களை முடிச்சேன், ஏமாறலை. அந்தத் தைரியத்துல வாங்கினேன்.

இப்போ சந்தோஷப்படுங்க. அது செத்துப்போச்சு. கொஞ்ச நாளா தீனி தொடலை. நேத்து சாயங்காலம் பார்த்தா மல்லாந்து, எட்டுக் காலையும் மேல தூக்கிக்கினு கெடக்குது. வந்த நாள்ல இருந்து "அந்தச் சனியன்"னே கூப்பிட்ட கன்னியம்மா, போற ஆத்மா போகட்டும்னு தொட்டி மூடியைத் தொறந்து, பக்கத்துல ஊதுவத்தி கொளுத்தி வெச்சா. காலையில நானே எடுத்து குடோன் வாசல்ல பொதைச்சேன். எடுக்கறப்போ பேப்பர் மாதிரி லேசா இருந்துச்சு மாப்ள, பட்டினியிலயே உருகிப்போச்சு போல. லோடு ஏத்துற பசங்க, "மேளம் சொல்லவா மொதலாளி?"ன்னு கேட்டானுங்க, பேமானிங்க. தொட்டி இருந்த அதே ரூம்ல ராத்திரி பூரா தொறந்து கெடந்த சீர்ப் பெட்டிகளை எல்லாம் துக்கத்தோட மூடிக் கட்டி டெம்போவுல ஏத்தி அனுப்பிட்டேன். இந்நேரம் உங்க வூட்டுக்கு வந்திருக்கும்.

ஒரே ஒரு உதவி. ஞாயித்துக்கிழமை காது குத்தி முடியற வரைக்கும் மாயாகிட்ட விஷயத்தைச் சொல்லாதீங்க. "மாமா கொண்டாறாரு"ன்னு மட்டும் சொல்லுங்க. பொய் சொல்ல மாட்டேன்னு கொள்கை பேசாதீங்க. தோடு ஏறினப்புறம் அவ என் கையைக் கடிக்கட்டும், குடுக்கிறேன். பதிலுக்கு, உங்க வாசப்படியை எட்டுக்கால் உள்ள எதுவும் என்னால தாண்டாதுன்னு இதன் மூலம் உறுதி கூறுகிறேன்.

குணசுந்தரிக்கு என் ஆசிகள். மாயாவுக்கு முத்தம், எட்ட நின்னு. தங்களுக்கு ஆண்டவன் அருள் ஒத்துக்காது என்பதால், நல்லா இருங்க என்று நானே சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
மச்சான் பொன்னுரங்கம்

பி.கு.: கவரை ஒட்டறதுக்குள்ள லியோனார்ட் வந்தான். பொதைச்சதைத் தோண்டிப் பார்த்துத் தலையில அடிச்சிக்கினான். "நைனா, இது வெறும் சட்டை! பாம்பு மாதிரி இதுவும் தோல் உரிக்கும், மல்லாந்து படுத்துத்தான் உரிக்கும். ஆளு எங்க?" ரூம் பூரா தேடிட்டோம், காணோம். ராத்திரி அங்க தொறந்து கெடந்தது சீர்ப் பெட்டிங்கதான். தொட்டிக்குப் பக்கத்துல இருந்தது உங்க பட்டு வேட்டிப் பெட்டி. தயவுசெய்து நீங்க தொறக்காதீங்க, மாயாவைத் தொறக்கச் சொல்லுங்க. ஏற்கெனவே எடுத்துக் கட்டிட்டீங்கன்னா கட்டில் மேல ஏறாதீங்க. இது மரம் ஏறுற ஜாதி இல்லை, ஆனா வேட்டியோட நீங்க ஏறினா கூடவே வரும். உதறவும் வேணாம், தோல் உரிச்ச புதுசுல உடம்பு மெத்துனு இருக்குமாம், அடிபட்டுடும். சீரோட வரணும்னு குழந்தை கேட்டா. சீரோடவே வந்துடுச்சு. ஞாயித்துக்கிழமை அவளை என் மடிக்கு அனுப்பி வைக்கவும்.