லோர்னாவின் அறியாமைக்குச் சாட்சிகள்

நெப்ராஸ்காவின் மேற்கு மூலையில் இருக்கும் எங்கள் ஊருக்கு ஒரு மருத்துவர் தேவைப்பட்டார். இருந்த ஒருவரும் ஓய்வு பெற்று அரிசோனா வெயிலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். அந்த இடத்துக்குத் தானே வர விரும்பினாள் லோர்னா ஹெல்விக். தடை ஒன்றுதான்: கல்லூரியில் அவள் பயின்றது பொம்மலாட்டக் கலை. அறிவியல் என்ற பெயரில் அவள் படித்த ஒரே பாடம் 'வானவில்லும் நாமும்'. அதற்குத் தேர்வு கிடையாது. வண்ணம் தீட்டினால் போதும்.

மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு முன் வேதியியலாவது கற்கலாம் என்று பல்கலைக்கழகத்தின் வழிகாட்டல் அலுவலகத்துக்குப் போனாள். அதன் பரிந்துரை இல்லாத விண்ணப்பத்தை எந்த மருத்துவக் கல்லூரியும் பிரித்துப் பார்ப்பதில்லை. அலுவலகத் தலைவர் கார்ல்டன் ப்ரூஸ்டர் அவளுடைய மதிப்பெண் பட்டியலைக் கண்டு பரவசமானார்.

"வேதியியல் ஒண்ணுமே தெரியாதா?"

"தெரியாது, மிஸ்டர் ப்ரூஸ்டர். அதான் வகுப்புல இடம் கேட்டு வந்தேன்."

"என்ன பேசறே லோர்னா? போன வருஷம் வந்தவங்க எல்லாரும் வேதியியல் படிச்சவங்க. தேர்வுக் குழு கொட்டாவி விட்டுது. இப்போ அவங்க தேடறது முழுமையான மனுஷங்களை. உன்கிட்ட அபூர்வமான ஒண்ணு இருக்கு. கெடுத்துக்காதே."

"எனக்கு ஒண்ணும் தெரியாதே, அதைச் சொல்றீங்களா?"

"அதுக்கு இங்கே திறந்த மனம்னு பேரு."

"தேர்வுல கேள்வி கேப்பாங்களே?"

"கேக்கட்டும். அது அவங்க வேலை."

மாணவியின் திறந்த மனம் பேணிப் பாதுகாக்கப்பட வேண்டியதாகையால், அறிவியல் வகுப்பு எதிலும் அவளைச் சேர்ப்பதற்கில்லை என்று ஆணை பிறந்தது. அவளுடைய அறியாமையை ஊரார் உறுதி செய்யும் காணொளி ஒன்றையும் அலுவலகம் கோரியது.

லோர்னா எங்கள் கால்நடை மருத்துவர் ஹாரியட் நூட்சனிடம் தஞ்சம் புகுந்தாள். ஓராண்டுக் காலம், கன்று ஈனும் கொட்டகையில் பாடம் நடந்தது.

"பசுவுக்கு வயித்துல நாலு அறை, மனுஷனுக்கு ஒண்ணே ஒண்ணு," என்பாள் ஹாரியட். "உனக்கு முக்கால்வாசி வேலை மிச்சம். சலிச்சுக்காம படி."

இதனிடையே காணொளிக்கு நாங்களும் திரண்டோம். ஊர்ப்பிள்ளைக்கு உதவாமல் இருப்போமா? தண்ணீர் ஒரு தனிமம் என்று அவள் நம்புவதாகப் பாதிரியார் சாட்சி சொன்னார். வங்கி மேலாளர் இன்னும் தாராளமாகப் பேசினார். ஹாரியட் கண் இமைக்காமல், "நல்ல பொண்ணு. ஆனா ஈரல் எது, கிட்னி எதுன்னு கேட்டா இன்னைக்கும் முழிப்பா," என்றாள்.

ப்ரூஸ்டர் பார்த்துக் கண்கலங்கி, காணொளியைப் பரிந்துரையோடு அனுப்பிவைத்தார்.

பிறகு லோர்னா தேர்வு எழுதினாள். எழுதியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் அவளுக்குப் பின்னால் நின்றார்கள்.

மருத்துவக் கல்லூரி நேர்காணலில் தேர்வுக் குழுத் தலைவி கேட்டாள்: "இவ்வளவு மார்க் எப்படி வந்தது?"

"படிச்சேன்."

"எந்த வகுப்புலயும் உன் பேர் இல்லையே?"

"இடம் தரலை. ஹாரியட் நூட்சன்தான் சொல்லிக் குடுத்தாங்க."

"ஈரலும் கிட்னியும் தெரியாதுன்னு சொன்னவங்களா?"

"அவங்கதான்," என்றாள் லோர்னா. அவள் ஏமாற்றித்தான் எழுதியிருக்க வேண்டும் என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது. எங்கள் சாட்சியத்தில் ஐயம் கொள்ள அதற்கு ஒரு காரணமும் இல்லை. முகங்கள் அத்தனை நேர்மையாக இருந்தனவாம்.

நாங்கள் சொன்னது பொய் என்று ஊர் எழுதிக் கொடுத்தால் முடிவை மறுபரிசீலனை செய்வார்கள் என்றாள் லோர்னா. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடி, காப்பி குடித்து, நியாய அநியாயங்களை நிதானமாக அலசினோம். ஊரின் நற்பெயரையும், பாதிரியாரின் பதவியையும் முன்னிட்டு, எழுதுவதில்லை எனத் தீர்மானம் நிறைவேறியது. லோர்னா ஒருத்திதான் எதிர்த்து வாக்களித்தாள்.

இப்போது காய்ச்சல் என்றால் ஹாரியட்டிடம் போகிறோம். கன்றுகளைப் பார்த்து முடித்ததும் கூப்பிடுகிறாள்.