நூற்றுக்கு நூறு நம்பிக்கை

"பத்திரிகையை நீங்கள் எவ்வளவு நம்புறியள்?" என்று கேட்டார் பேரம்பலம். கொழும்பிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்தவர்.

"நூத்துக்கு நூறுங்க!" கொட்டகலை ஜமால்தீன் கடையில் கூடியிருந்த தேயிலைத் தோட்டத்து ஆட்கள் ஒரே குரலில் சொன்னார்கள்.

சோலைமலை மட்டும் கையிலிருந்த பேப்பரை மடித்துக்கொண்டார். தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கே பேப்பர் வாசிப்பவர் அவர்தான். ஞாயிறுதோறும் இந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்து உரக்க வாசிப்பார். மூன்று வருஷத்துக்கு முன், தோட்டத்து ஆட்களுக்குக் குடியுரிமையும் இல்லை, ஓட்டும் இல்லை என்ற செய்தியை உள்ளபடியே வாசித்தார். பொன்னையா தலையிலடித்துக்கொண்டு அழுதான். அதைப் பார்த்துப் பொறுக்காமல் மறுவாரம், "எல்லாம் திரும்பக் குடுக்கப் போறாங்களாம்" என்று பேப்பரில் இல்லாததை வாசித்துவைத்தார் மனுஷன். அன்று பிடித்த சனி இன்னும் விடவில்லை; வாராவாரம் அதே பொய்தான். தேர்தல் வேறு நெருங்கிவிட்டது.

பேரம்பலத்துக்கோ முகமெல்லாம் சிரிப்பு. "மக்களாட்சிக்குப் பத்திரிகைதான் தூண்! இண்டைக்கு நானே வாசிக்கிறன்."

"வேண்டாங்க! இந்தப் பனியில ஐயாவுக்குத் தொண்ட கட்டிக்கும்" என்று பதறினார் சோலைமலை.

"அப்ப நீங்கள் வாசியுங்கோ. நான் பக்கத்தில இருந்து பாக்கிறன்."

தானே வெட்டிய குழி! "கண்ணாடி வீட்ல இருக்குங்களே" என்றார் சோலைமலை. பிறந்ததிலிருந்து அவர் கண்ணாடி போட்டதில்லை.

பேரம்பலம் தன் கண்ணாடியைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டார். எழுத்தெல்லாம் கரைந்துபோயிற்று. வேறு வழியில்லாமல் வழக்கமானதையே எடுத்துவிட்டார்: "இந்தத் தேர்தல்ல தோட்டத்து ஆளுங்க எல்லாருக்கும் ஓட்டு..."

பேரம்பலம் தாளைக் கண்ணருகே இழுத்தார். "அப்பிடி ஒண்டும் இல்லையே?"

"அது... போன வாரப் பேப்பருங்க."

"அதைக் கொண்டாங்கோ பாப்பம்."

நல்லவேளை, ஜமால்தீன் கையை விரித்தார். "பழைய பேப்பர் ஏதுங்க? வாராவாரம் பருப்பும் மொளகாயும் சுத்திக் குடுத்துருவேன்."

அப்பாடா என்று சோலைமலை மூச்சு விடுவதற்குள், பேரம்பலம் எழுந்து நின்று வாசித்தே விட்டார். "தோட்டத் தொழிலாளருக்கு இம்முறை வாக்கில்லை. குடியுரிமை மனுக்கள் பல தள்ளுபடி."

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. யாரும் அழவில்லை. பொன்னையா தேநீரை ஊதி ஊதிக் குடித்தான். பேரம்பலம் தன் கொப்பியில் குறித்துவைத்திருந்த 'நூறு' என்பதை அடித்துவிட்டு, கண்ணாடியை வாங்கிக்கொண்டு, ரயிலுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

சோலைமலையால் தலை நிமிர முடியவில்லை. மூன்று வருஷமாய் இத்தனை பேரையும் ஏமாற்றிய பாவி! இனி எந்த முகத்தோடு லயத்துக்குப் போவது? கண்ணில் நீர் முட்டியது.

"என்ன மன்னிச்சிருங்க. இனிமே நான் பேப்பரத் தொட மாட்டேன்" என்று எழுந்தார்.

பருப்புப் பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டிருந்த அம்மாக்கண்ணு அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"ஒக்காருங்கண்ணே. பருப்பு சுத்தி வர்ற தாள எம்மக பூரணி எழுத்துக் கூட்டி வாசிச்சிருவா, நெசம் எங்க வீட்டுக்கே வந்துருது. ஒங்க பொய்யக் கேக்கத்தான் வாராவாரம் மழையில நனைஞ்சுக்கிட்டு இம்புட்டுத் தூரம் வர்றோம்."