கெண்டை ஏற்றிவிட்ட கண்டக்டர்

கெண்டை மீனுக்காக இடுப்பளவு தண்ணீரில் நின்று விசில் ஊதிய ஒரே மனிதர், இந்த உலகத்திலேயே எங்கள் கண்டக்டர் மாமாதான். பஸ்ஸில் ஒருநாளும் வேலை பார்த்தவரில்லை. கல்வராயன் மலையில் மழை பிடித்து ஓடை பெருகினால், கோமுகி ஆற்றிலிருந்து சினை மீன்கள் எதிர்த்து நீந்தி வயல்களுக்கு ஏறும். அவற்றை 'உள்ள போ, உள்ள போ' என்று விரட்டி அனுப்பியதால் வந்த பேர்.

அவர் வயலுக்கு யூரியா கிடையாது. "ஆத்துல தின்னுட்டு வந்து என் வயல்ல கழியுது, அது எருவு. குஞ்சு என் வயல்ல பூச்சியத் தின்னு கொழுத்துக்கினு ஆத்துக்குப் போவுது. குடுக்கல் வாங்கல்டா" என்பார். ஞாயிறு பூசையில் ஊரே மழைக்கு வேண்டினால், அவர் கெண்டைக்கு வேண்டுவார். ஒருமுறை அவரைக் கிண்டல் பண்ண, நானும் கூட்டாளிகளும் சந்தையில் வாங்கிய செத்த மத்தியை, ஓடையில் ஏறி வந்ததுபோல அவர் வரப்பில் போட்டுவைத்தோம். மோந்து பார்த்துவிட்டு, ஐஸ் பெட்டியில் வந்தாலும் சத்து சத்துதான் என்று நாற்றங்காலில் புதைத்துவிட்டார்.

போன வருஷம் ஓடைக்குக் குறுக்கே தடுப்புச் சுவர் எழும்பியது. மீன்கள் முட்டி முட்டித் திரும்பின. விளைச்சல் கம்மி. இந்த வருஷமும் மீன் ஏறாவிட்டால் நிலத்தைத் தன் தம்பிக்கு மரவள்ளி போட விட்டுவிடப் போவதாக அத்தை சொல்லிவிட்டார். முட்டும் மீனை அள்ளி அந்தப் பக்கம் விட, மாமா பக்கெட்டோடு சுவருக்குக் காவல் போனார். மழை வருவதற்குள் பாசியில் வழுக்கி, முட்டியில் மாவுக்கட்டோடு வீடு திரும்பினார்.

மறுநாளே மலையில் கொட்டியது. சுவரடியில் மீன் குவிந்தது. குழம்பு நினைப்பில் நானும் கூட்டாளிகளும் வலையோடு ஓடினோம். அங்கே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அத்தையே மாமாவின் பக்கெட்டில் மீனை அள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னா வேடிக்க பாத்துக்கினு நிக்கிற? உங்க மாமா வூட்ல சோறு திங்காம கெடக்கறாரு. வலைய வுட்டு அள்ளுடா."

பொழுது சாயும்வரை அள்ளி ஏற்றினோம். மரவள்ளிப் பேச்சை அத்தை எடுக்கவே இல்லை. போய்ச் சொன்னதும் மாமா என்னை முறைத்தார்.

"உண்மைய சொல்லு. எத்தினிய அமுக்குன?"

ஒன்றுகூட எடுக்கவில்லை. அப்படிச் சொன்னால் மனுஷன் நம்பவும் மாட்டார், அவருக்குச் சப்பென்றும் ஆகிவிடும். "ரெண்டே ரெண்டு மாமா" என்றேன். கட்டிலில் எழுந்து உட்கார்ந்தவர் என் பரம்பரையையே இழுத்துவைத்துத் திட்ட ஆரம்பித்தார். திட்டுக்கு நடுவே அத்தை நீட்டிய சோற்றை உருண்டை உருண்டையாக விழுங்கிக்கொண்டிருந்தார். தட்டு காலியாகும்வரை நான் தலையைக் குனிந்தே நின்றேன்.