சரிகைக்கு நான் செய்த உதவி

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு பூனையின் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, குட்டிகளுக்குப் பால் கொடுப்பது எப்படி என்று அந்தப் பூனைக்கே விளக்கியவன் நான். கைபேசியில் கட்டுரையைத் திறந்து வைத்துக்கொண்டு, முக்கியமான இடங்களில் குரலை உயர்த்தி வேறு படித்தேன். பூனை கொட்டாவி விட்டது. (என் பேச்சைக் கேட்பவர்கள் வழக்கமாகச் செய்வதுதான் என்பதால் எனக்கு உறைக்கவில்லை.)

பூனையின் பெயர் சரிகை. கறுப்பு முதுகில் பொன்னிறக் கீற்றுகள் ஓடுவதால் பக்கத்து வீட்டு ஏகாம்பரம் வைத்த பெயர். பெயர் வைத்ததோடு சரி, அவரால் அதை வைத்துக்கொள்ள முடியவில்லை. அவர் வீட்டில் இரண்டு தறி ஓடுகிறது. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு இழைகளுக்குள் சரிகை ஒரு நாள் புகுந்து விளையாடிவிட்டது. அன்றைக்கே மதில் மேல் ஏற்றி எங்கள் பக்கம் தள்ளிவிட்டார்.

"உங்க வீட்லயே இருக்கட்டும் சார். இங்க பூந்துக்கினா ஒரு கல்யாணப் புடவையே போச்சு. உங்க வீட்ல வெறும் புக்குதான இருக்குது? எத்தக் கிழிச்சாலும் ஒண்ணும் ஆவாது."

நான் ஏனாத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் நூலகர். அது தெரிந்துதான் சொன்னார்.

வந்த நாளிலிருந்து சரிகைக்கு என் மடிதான் மெத்தை, பனியன்தான் தலையணை. கொஞ்ச நாளில் அதன் வயிறு பெருத்து இறங்கியது. அதற்கு முதல் பிரசவம், எனக்கும்தான். படிக்கக்கூடிய அனைத்தையும் படித்தேன். அட்டைப்பெட்டியில் துணி விரித்து, காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்டுப் பிரசவ அறை அமைத்தேன். அதைச் சரிகை ஒரு தடவை சுற்றி வந்து பார்த்தது. பிறகு என் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டில், அகராதிகளுக்குப் பின்னால், ஒரு மாதமாக நான் தேடிக்கொண்டிருந்த பழைய வேட்டியின் மேல் மூன்று குட்டிகளைப் போட்டது. அந்த நேரத்தில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

உடனே கல்லூரி முதல்வருக்குப் போன் செய்து விடுப்பு கேட்டேன். "வீட்ல பிரசவம் சார்."

"பொண்ணுக்கா?" என்றார்.

"பொண்ணுக்கு இன்னும் கல்யாணமே ஆகல சார்."

"மிஸஸ நல்லாப் பாத்துக்கோங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். (விளக்கம் சொல்ல அவகாசமே கொடுக்கவில்லை. அடுத்த வாரம் முழுக்க ஸ்டாஃப் ரூமில் யாரும் என்னை நேருக்கு நேர் பார்க்கவில்லை.)

என் மனைவி கல்யாணிக்கு அன்று ஓரிக்கையில் அக்கா வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "தண்ணி வைங்க, சோறு வைங்க. மத்தத அது பாத்துக்கும். குட்டிங்களத் தூக்கிக்கினு சுத்தாதீங்க."

முதல் இரண்டையும் செய்தேன். அதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

மத்தியானம் சரிகை காலாற வெளியே போனது. கீழ்த்தட்டில் டார்ச் அடித்துப் பார்த்தேன். தூசி. வேட்டியில் கறை. பிறந்த குட்டிகளுக்குக் கதகதப்பும் உயரமான தடுப்பும் வேண்டும் என்று கைபேசியிலிருந்த கட்டுரை சொன்னது. இரண்டும் உள்ள பொருள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: கல்யாணியின் குடலை. கோயில் இட்லி வேக வைப்பதற்கான உயரமான மூங்கில் கூடை. உள்ளே மந்தாரை இலையைச் சுற்றி, மாவை ஊற்றி, நிற்க வைத்து அவிப்பார்கள். அதைப் படுக்க வைத்தால் அருமையான குகை! காஞ்சிபுரத்தில் எத்தனையோ பேர் குடலையைப் பார்த்திருக்கிறார்கள். அதைப் பூனை வீடாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான் என்று பெருமையாகக்கூட இருந்தது.

கதகதப்புக்காகக் குடலையை வெயிலில் நன்றாகக் காய வைத்தேன். குட்டிகளைச் சமையலறைத் துண்டால் துடைத்து உள்ளே விட்டேன். கறை படிந்த வேட்டியை சோப்புத்தூள் போட்டு ஊற வைத்தேன். எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

வருஷக் கணக்கில் மிளகும் சீரகமும் சுக்கும் பெருங்காயமும் நெய்யும் குடித்த மூங்கில் வெயிலில் சூடானால் என்ன ஆகும் என்பது எந்தக் கட்டுரையிலும் இல்லை.

சரிகை திரும்பி வந்தது. அலமாரிக்குள் போய்ப் பார்த்தது. கத்தியது. குடலையிலிருந்து பதில் குரல் வந்ததும் ஓடி வந்து மூக்கை உள்ளே நுழைத்தது. தும்மியது. ஒரு குட்டியை முகர்ந்தது. மறுபடி தும்மியது. பிறகு, தான் பெற்ற பிள்ளையைப் பார்த்தே சீறிவிட்டு, பின்பக்கமாகவே நகர்ந்து வெளியேறி மதில் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

குட்டிகளை எடுத்து அலமாரியிலேயே திரும்ப வைத்தேன். வாசனை குடலையில் மட்டும் இல்லை, குட்டிகள் மேலேயே ஏறியிருந்தது. மீன் துண்டு காட்டினேன். கெஞ்சினேன். பால் கொடுப்பது பற்றிய அந்தச் சொற்பொழிவு இந்தக் கட்டத்தில்தான், மதிலடியில் நடந்தது. சரிகை அசையவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் தாரிணியைக் கூப்பிட்டேன். "அப்பா, மாட்டுப் பால் எதனா ஊத்தித் தொலைக்காத. இனிமே எதையும் தொடாத. அம்மா வர வரைக்கும் கையக் கட்டிக்கினு உக்காரு" என்றாள்.

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு குட்டிகள் உரக்கக் கத்தின. மூன்றாவது, எல்லாவற்றிலும் சின்னது, முதலில் கத்திக்கொண்டிருந்தது. அப்புறம் வாயை மட்டும் திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. தாய் இறங்கி வராவிட்டால் இது பிழைக்காது. தாயை விரட்டியது நான்.

மதிலுக்கு அப்பாலிருந்து ஏகாம்பரம் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், உங்க பூன எங்க பக்கம் பாத்து மொறச்சிக்கினு இருக்குது?"

"குட்டிங்கள ஏத்துக்க மாட்டேங்குதுங்க."

உள்ளே வந்து குனிந்தவர் மூக்கை உறிஞ்சினார். "கோயில் இட்லி வாசன தூக்குது. குட்டிங்கதானா இது?" பக்கத்தில் கிடந்த குடலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சார்... வேக வெச்சிட்டீங்களா?"

நல்லவேளை, கல்யாணி அப்போது வந்துவிட்டாள். வாசலிலேயே புரிந்துகொண்டாள். "அது படுத்திருந்த துணி எங்க?"

"சோப்புத்தூள்ல ஊறுது."

அவள் என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "பனியனக் கழட்டுங்க."

"எதுக்கு? ஏகாம்பரம் இருக்காரு."

"அவர் பாக்காததா? ஒரு மாசமா அந்தப் பனியன் மேலதான அது தூங்குது? வீட்லயே அதோட வாசன ஒட்டிக்கினு இருக்கறது இப்ப அது ஒண்ணுதான். கழட்டுங்க!"

கழற்றினேன். அந்தப் பனியனால் குட்டிகளை மெல்லத் தேய்த்து, அதையே விரித்து அலமாரியில் படுக்க வைத்தாள். நாங்கள் மூவரும் அறைக்கு வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தோம். வெற்று மார்போடு நான் நடுவில்.

வெகு நேரம் கழித்து சரிகை வந்தது. பனியனை முகர்ந்தது. குட்டியை முகர்ந்தது. தும்மியது. பிறகு நாக்கை நீட்டி நக்கத் தொடங்கியது. நக்கும், தும்மும், தலையை உதறும், மறுபடி நக்கும். பெரிய குட்டிகள் இரண்டும் வயிற்றில் ஒட்டிக்கொண்டன. சின்னது வழி தெரியாமல் அலைந்தது. என் கை தானாகக் கதவுப் பக்கம் போனது. கல்யாணி அதன் மேல் ஓர் அடி போட்டாள்.

சரிகை முன்னங்காலால் சின்னதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அதன் தாடை அசைவது தெரிந்தது.

"கண்ணு கலங்குதா சார்?" என்றார் ஏகாம்பரம்.

"சுக்குக் காரம்" என்றேன்.

மூன்றும் பிழைத்தன. சின்னது இப்போது எங்கள் வீட்டிலேயே பெரியது. அலமாரிப் பக்கம் போக எனக்குப் பல நாள் தடை இருந்தது; அகராதி வேண்டுமென்றால் கல்யாணிதான் எடுத்துக் கொடுப்பாள். அந்தக் குடலையில் அப்புறம் யாரும் இட்லி அவிக்கவில்லை. இன்றும் உறவினர் யாராவது வந்து இலையில் கோயில் இட்லி விழுந்தால், முதல் கேள்வி என்னைப் பார்த்துத்தான் வரும்: "வேக வெச்சிட்டீங்களா?"

தாரிணிக்கு இப்போது கல்யாணமாகி, இது ஏழாவது மாதம். டாக்டர் பெங்களூரிலேயே இருப்பதால் பிரசவமும் அங்கேதான். போன வாரம் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தபோது, உதவிக்கு நானும் வருகிறேன் என்றேன்.

"வேணாம்ப்பா!" என்றாள் அவசரமாக. "அம்மா மட்டும் வரட்டும். நீ அங்கயே இருந்து சரிகையப் பாத்துக்கோ."

கல்யாணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"நீ சொல்லிட்ட" என்றாள். "சரிகை ஒத்துக்கணுமே."