குற்றாலீஸ்வரனின் ஒரே வாசகி

இந்தச் சீசனில் ஒரு பிள்ளையாவது தன்னைப் பார்த்து, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டாக வேண்டும். இல்லாவிட்டால் இனிப் பேனாவைத் தொடுவதில்லை. ஆனி பிறந்த அன்று குற்றாலீஸ்வரன் இப்படிச் சபதம் எடுத்தார். தொடச் சொல்லி அவரிடம் யாரும் கெஞ்சவில்லை என்பது வேறு விஷயம்.

தென்காசியில் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலையில் எழுத்தர் அவர். எழுதியதோ பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான சாகச நாவல். 'தேனருவிக் குகையின் ஏழாம் சாவி' என்று பெயர். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா? சொந்தச் செலவில் அச்சடித்த குஞ்சுகள் கட்டிலடியில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. சாரல் ஈரத்தில் ஊதி, மூடினாலும் மூடாமல் வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

விளம்பரம் செய்யாமலா இருந்தார்? பேரருவிக்குப் போகும் வழியில் மேசை போட்டு உட்கார்ந்தார். ஒரு பக்கம் எண்ணெய் மசாஜ், மறுபக்கம் மங்குஸ்தான் பழம், நடுவில் இலக்கியம். "அண்ணாச்சி, இந்தத் துணிமணியைக் கொஞ்சம் பாத்துக்கிடுதியளா, ஒரு முங்கு முங்கிட்டு வந்திருதோம்" என்றார்கள். பார்த்துக்கொண்டார். இலத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பேசப் போனார். பிள்ளைகள் ஆரவாரமாகக் கைதட்டினார்கள். மணி அடித்ததற்காம்.

மனசு விட்டுப்போயிற்று. ஜன்னலோரம் உட்கார்ந்து தூறலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பிள்ளைக்குக்கூடப் பிடிக்காத கதையை எழுதிவிட்டோமே என்று நொந்துகொண்டார்.

அவர் மனைவி முத்துவடிவு ஈரத்துண்டுகளைக் காயப் போட்டபடியே சொன்னாள்.

"ஏன் இப்படி இடிஞ்சுபோய் இருக்கிய? நம்ம வீட்டுக்குத்தான் ஊர்ப்பட்ட சனம் வருதே. வாரவுக புள்ளைகளுக்கு வாசிச்சுக் காட்டுங்க."

"நீயாட்டி சொல்லுத?"

"நாந்தான் சொல்லுதேன். எழுதினவுகளே வாசிக்கதைக் கேக்க எந்த ஊர்ல கொடுத்து வச்சிருக்கு?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

சனத்துக்கு உண்மையிலேயே பஞ்சமில்லை. அருவியில் தண்ணீர் விழுந்தால் போதும், தென்காசியில் வீடு வைத்திருப்பவனுக்கு அதுவரை கேள்விப்படாத சொந்தமெல்லாம் முளைத்துவிடும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பதெல்லாம் அருவி இல்லாத ஊரில் உண்டான பழமொழி.

முதலில் சங்கரன்கோவிலிலிருந்து அவருடைய பெரியப்பா மகன் குடும்பம் வந்தது. ஒரு வாரம் இருப்பதாக ஏற்பாடு. சாயங்காலம் குளித்துவிட்டுப் பசியோடு வந்தவர்களை முத்துவடிவு வரிசையாக உட்கார வைத்தாள். "கதை முடியட்டும், தோசை ஊத்துதேன்" என்று கதவையும் சாத்தினாள். குற்றாலீஸ்வரன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசித்தார். ஓநாய் வரும் இடத்தில் ஊளையும் இட்டார். மறுநாள் காலையில் பெரியப்பா மகனுக்கு ஊரில் ஏதோ அவசர வேலை வந்துவிட்டது. அடுத்து வந்த ராஜபாளையத்துக்காரர்களும் ஒரே வாசிப்புக்குப் பிறகு மூட்டை கட்டினார்கள். கதையின் விறுவிறுப்பைப் பிள்ளைகளால் தாங்க முடியவில்லை என்று அவர் முடிவு கட்டினார்.

ஒருநாள் புழக்கடையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக் கோமதியம்மாளின் குரல் கேட்டது.

"முத்துவடிவு, உங்க வீட்டுக்காரவுகளை இன்னைக்குச் சாயங்காலம் எங்க வீட்டுக்கு அனுப்புதியா?"

"எதுக்குக்கா?"

"எங்க நாத்தனா வந்து உக்காந்தவ எந்திரிக்கவே மாட்டேங்கா. அவுக வாசிச்சா வீடு காலியாயிரும்னு நீதான சொன்ன?"

வாயிலிருந்த நுரையோடு குற்றாலீஸ்வரன் உள்ளே வந்தார்.

"ஏட்டி, என் எழுத்து உனக்கு மூட்டைப்பூச்சி மருந்தா?"

"கோவப்படாதிய. கேக்க ஆளில்லன்னு அழுதிய. ஆள் கிடைச்சுது."

"உனக்கு?"

"எனக்கு என் அடுப்படி கிடைச்சுது. மாவாட்டி மாவாட்டித் தோள்பட்டை கழண்டுபோச்சு. அதை எந்தக் குகையில போய்ச் சொல்ல?"

போய் வாயைக் கொப்பளித்தார். மனசு செத்துப்போயிற்று. இனி வாசிப்பதில்லை என்று புத்தகத்தை மூடினார். அதுவோ ஈரத்தில் மூடாமல் திறந்துகொண்டது.

அந்த வாரம் முத்துவடிவின் சித்தி மகன் மணிகண்டபிரபு சென்னையிலிருந்து மனைவி, மகளோடு வந்தான். மகள் நிவேதாவுக்குப் பத்து வயது. "அத்தான், கதை வாசிக்கலையா?" என்று அவன் மரியாதைக்குக் கேட்டுவைத்தான். குற்றாலீஸ்வரன் உயிரில்லாமல் வாசித்தார். கதையில் வரும் பிள்ளைகள் குகைக்குள் மாட்டிக்கொண்ட இடத்தில் நிறுத்தினார்.

"அப்புறம் என்ன ஆச்சு மாமா?"

அவர் நிமிர்ந்து நிவேதாவைப் பார்த்தார். இன்னொரு தரம் கேட்கச் சொன்னார். கேட்டாள்.

அன்றிலிருந்து மனிதர் ஆளே மாறிவிட்டார். நாளுக்கு ஒரு பக்கம்தான் வாசிப்பது, அதிலும் பாதிப் பக்கம் ஊளைதான். முடிவு தெரியாமல் வர மாட்டேன் என்று நிவேதா அழுது அடம்பிடிக்க, மணிகண்டபிரபு லீவை நீட்டினான். முத்துவடிவு மறுபடியும் மாவாட்டினாள்.

"சீக்கிரம் வாசிச்சு முடிங்களேன்" என்றாள் கெஞ்சலாக.

"நல்ல எழுத்துக்கு அவசரம் ஆகாதுட்டி" என்றார் குற்றாலீஸ்வரன். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஜெயித்த ஒரே வாரம் அது.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்தபோது வீடு வெறிச்சென்று கிடந்தது. கொடியில் ஒரு துண்டு இல்லை.

"எங்கட்டி அவுக?"

"மத்தியான பஸ்ஸுக்குப் போயிட்டாவ."

"நிவேதா எப்படிப் போவா? கதை முடியலையே!"

"நான் முடிச்சு வச்சேன். முடிவைச் சொன்னேன், புள்ள சந்தோசமா பையைத் தூக்கிட்டா."

அவருக்குக் கோபம் வரத்தான் செய்தது. வந்த வேகத்தில் வேறொன்று அதை முந்திக்கொண்டது. முடிவு கடைசி அத்தியாயத்தில் அல்லவா இருக்கிறது? அப்படியானால் இவள் அதுவரை படித்திருக்கிறாள்! தனக்குத் தெரியாமல், மாவாட்டுகிற அலுப்பிலும் படித்திருக்கிறாள்.

"முத்துவடிவு... நீ என் நாவலை முழுசாப் படிச்சியா?"

"எனக்கு எங்க நேரம்? அந்தப் புள்ளயே யோசிச்சு, 'வழி காட்டுத தாத்தாதான அத்தை திருடன்? சாவி அவர் கம்புக்குள்ளதான இருக்கு?'ன்னு கேட்டா. ஆமா தாயின்னு சொல்லிட்டேன்."

குற்றாலீஸ்வரன் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். வெளியே சாரல் விட்டபாடில்லை.

"ஏங்க, புள்ள சரியாத்தான சொல்லியிருக்கா?"

"சரியாத்தான் சொல்லியிருக்கா" என்றார்.